வெளிச்சம் படக்கூடாத பொட்டலம்

ஏற்காட்டில் மூன்று நாளாக மூடுபனி. நான் ரேடியோ செய்ய வைத்திருந்த ஒரே செம்புத் தகட்டில், வெளிச்சம் பட்டால் இறுகும் ஒளிப்பூச்சு பூசியாயிற்று. சர்க்யூட் படத்தின் நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டினால்தான் சர்க்யூட் கோடுகள் பதியும்.

இன்று அதைக் கறுப்புத் துணியில் சுற்றிக்கொண்டு, வெயில் தேடி அடிவாரத்துக்குப் பஸ் ஏறினேன்.

"ஏனுங்க, பொட்டலத்தைப் பிரிங்க" என்றார் கண்டக்டர்.

"வெளிச்சம் பட்டாக் கெட்டுருமுங்க."

அவ்வளவுதான். சந்தேகப்பட்டு, விசில் ஊதிப் பஸ்ஸை நிறுத்திவிட்டார். "பிரிங்க, இல்லீன்னா இறங்குங்க!"

பக்கத்து சீட்டிலிருந்த மாரமங்கலம் கிராமத்து அம்மா ஒருவர் தன் கம்பளியை என் மடிமேல் போர்த்திவிட்டுக் கண்டக்டரைப் பார்த்தார். "இதுக்குள்ள கைய உட்டுத் தடவிப் பாரு, சாமி."

கண்டக்டர் கம்பளிக்குள் கையை விட்டு, துணியை விலக்கித் தடவினார். "வெறும் தகடுதானுங்க." பஸ் கிளம்பியது.

அடிவாரத்தில் நல்ல வெயில்; நெகட்டிவை வைத்துக் காட்டினேன். வீட்டுக்கு வந்து கழுவியதும் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. நடுவில் மட்டும் கண்டக்டரின் பெருவிரல் பட்டு ஒன்று அறுந்திருந்தது.

என்னை இறக்கிவிடாதவர், கரண்டை அங்கே இறக்கிவிட்டார். முதலில் புதுத் தகடு வாங்கவா, அடுத்த முறை பஸ்ஸில் போர்த்திக்கொள்ளக் கம்பளி வாங்கவா? சொல்லுங்கள்.