எட்டாவது கேள்வியும் ஒரு காலி இருக்கையும்

போன செவ்வாய்க்கிழமை மாலை, விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் பேருந்தில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. நான் உட்காரவில்லை. கால் வலித்தது, தோளில் புத்தகப் பை கனத்தது... இருந்தும் நின்றேன். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதியாக வேண்டும்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன், தோல் மருத்துவர் ஒருவர் எங்கள் கல்லூரியின் இலக்கியத் துறையிடம் உதவி கேட்டார். நெடுநாள் கரப்பானுக்கு — அவர் சொல்வது எக்ஸிமா — சிகிச்சை பெற வருபவர்களின் மன உளைச்சலை அளக்க அவரிடம் ஒரு வினாத்தாள் இருந்தது. பத்துக் கேள்விகள். 'இல்லை' என்றால் பூஜ்யம்; 'எப்போதும்' என்றால் மூன்று. கூட்டுத்தொகை பத்தைத் தாண்டினால் மனநல ஆலோசகரிடம் அனுப்புவார்கள். அதைத் தமிழாக்கி, நோயாளிகளுக்கு வாசித்துப் பதில்களைக் குறிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

எட்டாவது கேள்வியில் எனக்குத் தனிப் பெருமை. 'உங்கள் சருமத்தின் பொருட்டுப் பிறர் உங்கள் அருகில் அமர்வதைத் தவிர்க்கிறார்களா?' அந்தப் 'பொருட்டு' என்ற சொல்லுக்காக ஒரு முழு மாலையைச் செலவிட்டேன். எவ்வளவு துல்லியம், இல்லையா?

மாரியம்மாள் அந்த மருத்துவமனையில்தான் அறிமுகம். பெயரை மாற்றியிருக்கிறேன். ஆமத்தூர்க்காரர், பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை தோல் தடித்து வெடித்திருந்தது. ஒன்பது வருட நோய்.

"தூக்கம் கெடுதாக்கா?"

"இல்ல தாயி."

"மத்தவங்க பக்கத்துல உக்காரத் தயங்குறாங்களா?"

"இல்ல. எல்லாரும் நல்லாத்தான் பேசுறாக."

பத்துக்கும் 'இல்லை'. சொல்லும்போதே மணிக்கட்டைச் சொறிந்துகொண்டுதான் இருந்தார். நான் அட்டையில் செருகிய தாளைப் பார்த்தேனே தவிர, கையைப் பார்க்கவில்லை. மொத்தம்: பூஜ்யம். "ரொம்ப மன உறுதி உள்ளவங்க, டாக்டர்" என்று பாராட்டுரை வேறு வழங்கினேன். போகும்போது, "இது யாருக்கும் ஒட்டாதுக்கா, கவலப்படாதீங்க" என்று அவருக்கே பாடம் எடுத்தேன்.

இனி, பேருந்து.

ஜன்னலோரம் ஒரு பெண் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லை, முன் கம்பியைப் பிடித்திருந்த கைதான் தெரிந்தது. வெடிப்பும் செதிலுமாக. நான் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நகர்ந்து நின்றேன். யோசித்துச் செய்யவில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

கண்டக்டர் வந்தார். "ஏம்மா, சீட்டு சும்மாதான கெடக்கு? வழியில நின்னுக்கிட்டு... டிரைவருக்குத் தொணையா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஜன்னலோரப் பெண் திரும்பினார். மாரியம்மாள்.

"அட, கேள்வி கேட்ட பிள்ளையில்ல? உக்காருங்க தாயி. ஒட்டாதுன்னு நீங்கதான சொன்னீக." குத்தலாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, எனக்கு இடம் விட்டு ஜன்னலோடு ஒடுங்கினார். அவருடைய பார்வை என் இடுப்பில் செருகியிருந்த துப்பட்டாவில் ஒரு கணம் நின்றது.

உட்கார்ந்தேன். காது மடல்கள் எரிந்தன. ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்: "அன்னைக்கு எல்லாத்துக்கும் இல்லன்னு சொன்னீங்களே, ஏன்க்கா?"

"அட்டையும் பேனாவுமா யாரு வந்தாலும் அப்படித்தான் சொல்றது. கம்பெனிக்குச் செக்கிங் வருதுன்னா ஃபோர்மேன் முதல்லயே சொல்லிப்புடுவாரு, ஒரு கொறையும் இல்லன்னு சொல்லுங்கன்னு. வாய் பழகிப்போச்சு. அந்தத் தாளு எங்கன போகுமோ... சீசன் நேரத்துல வேலைக்கு வராதன்னுட்டா என்ன செய்ய?"

"அப்ப உண்மையில?"

கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மகளுக்குத் தலை பின்னிவிட்டு ஒரு வருசமாச்சு. 'நீ தொடாதம்மா'ன்னுட்டா. ஒம்பதாப்பு படிக்கா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல... ராத்திரி அவ உறங்குனப்புறம் சடையைத் தடவிப் பாப்பேன்."

இதற்கு என் வினாத்தாளில் கேள்வியே இல்லை.

ஆமத்தூர் வந்தது. "வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களாக்கா? மறுபடியும் கேக்குறேன்" என்றேன். "வாரேன். ஆனா அந்த அட்டையைத் தூர வையுங்க" என்று இறங்கிப் போனார்.

உளைச்சலை அளக்க எத்தனையோ வழிகள் வந்துவிட்டன. ஒதுக்கப்படுகிறவரிடம் பத்துக் கேள்விகள் கேட்கிறோம். ஒதுக்குகிறவரிடம்? ஒன்றுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தார். அட்டையில்லாமல் பேசினோம். பிறகு தாளில் குறித்துக் கூட்டினேன்; மொத்தம் இருபத்து மூன்று. ஆலோசகர் அன்றே அவரைப் பார்த்தார். அடுத்த முறை மகளையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்.

மருத்துவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எட்டாவது கேள்விக்கு அன்னைக்கு 'இல்லை', இன்னைக்கு 'எப்போதும்'. இதுதான் உண்மைன்னு எப்படித் தெரியும்?"

"நேர்ல பார்த்தேன் டாக்டர்."

தவிர்த்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை — அங்கே.