பேனரில் ஒட்டிய இன்னொரு பெயர்

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் காதுகுத்து முதல் கல்யாணம் வரை எல்லாவற்றுக்கும் பேனர் உண்டு. போன மார்ச் கடைசியில் எனக்கும் ஒன்று வைத்தார்கள். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்ததைக் கேட்டதும், என் நண்பன் சலீம் அந்தப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துத் தெருமுனையில் கட்டிவிட்டான்.

ஏப்ரல் முதல் வாரம் இன்னொரு பல்கலைக்கழகம் அழைத்தது. அவ்வளவு பெயர் இல்லை. ஆனால் கட்டணம் கிடையாது, ஆய்வு உதவியாளராக மாதச் சம்பளமும் உண்டு. முதலாவதற்குப் போனால் அப்பா வீட்டை அடமானம் வைக்க வேண்டும்.

தெருவே பேனரைப் படித்துவிட்டதே என்ற கூச்சத்தில், இரண்டாவது அழைப்பைப் பற்றி அப்பாவிடம் நான் மூச்சுவிடவில்லை. அவர் பத்திரத்தோடு வங்கிக்குக் கிளம்பவிருந்த காலையில், சலீமிடம்தான் உளறினேன்.

"பேனருக்கோசரமா வூட்ட வெக்கிற? லூசா மாமு நீ? பேனரு என்னுது, வூடு உங்க நைனாவுது. போய் சொல்லுடா!"

ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மாலைக்குள் சலீம் பழைய பெயரின்மேல் புதுப் பெயரை ஒட்டிவிட்டான். கடற்காற்றில் ஒட்டின் ஓரம் தூக்கிக்கொள்ள, இரண்டு பெயரும் தெரிந்தன.

"இன்னாடா, ரெண்டு காலேஜு கீது?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"ரெண்டும் கூப்டுச்சு நைனா. ஒண்ண இவன் வேணான்ட்டான்" என்றான் சலீம்.

நடந்தது அதுதான். அதைக் கூச்சமில்லாமல் சொல்ல, அன்றுதான் நானும் கற்றுக்கொண்டேன்.