யாரோடு சாப்பிடுகிறீர்கள்?

இந்த ஊரில் மருத்துவர் நடப்பதற்கும் சீட்டு எழுதித் தருகிறார். மாத்திரையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘தினமும் வெளிச்சத்தில் அரை மணி நேரம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். மருந்துக்கடை எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே இருந்த பூங்காவைக் காட்டினார்.

ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்து இந்திய உணவகம் ஒன்றில் நான் சமையல்காரன். வந்து ஆறு வருடம். சொந்த ஊர் திருப்பதிக்குப் பக்கத்துப் புத்தூர். மனைவி சரஸ்வதி அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து வெதுருகுப்பம் போய், அரசுப் பள்ளியில் தெலுங்கு மீடியத்துக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள்.

போன இலையுதிர் காலத்தில், ஒரே வாரத்தில் இரண்டு நாள் சாம்பாருக்கு உப்பை மறுபடியும் போட்டுவிட்டேன். இன்னொரு நாள் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன். முதலாளி திட்டவில்லை. “ஓய்வு வேண்டுமா?” என்று மெதுவாகக் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது. நைனாவுக்கும், அதாவது என் அப்பாவுக்கும், இப்படித்தான் தொடங்கியது. கடைசிக் காலத்தில் புத்தூர் பஸ் நிலையத்தில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றவரைப் பூக்காரம்மா கைபிடித்துக் கூட்டி வந்தார். வாசலில் என்னைப் பார்த்து, “மீரு எவரு?” என்றார் நைனா. நீங்கள் யார் என்று, வீட்டுத் தமிழை விட்டு, வெளியாளிடம் பேசும் தெலுங்கில்.

இதையெல்லாம் மருத்துவரிடம் சொன்னேன். கடிகாரத்தைப் பார்க்காமல் மணி என்னவென்று சொல்லச் சொன்னார். “இரண்டரை” என்றேன். அப்போது காலை பத்து. அவர் முகம் மாறி, எதையோ குறித்துக்கொண்டார். “புத்தூரில் இரண்டரை. என் மனைவிக்கு மதிய வகுப்பு” என்ற பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தார்.

அடுத்து, “யாரோடு சாப்பிடுகிறீர்கள்?” என்றார். என் ஸ்வீடிஷ் அரைகுறை. எதோடு என்று கேட்பதாக நினைத்து, பருப்பு, ரசம், ஊறுகாய் என்று அடுக்கினேன். அவர் சிரிக்காமல் இன்னொரு முறை நிதானமாகக் கேட்டார். நூறு பேருக்குச் சமைத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறவன் நான். “யாரோடும் இல்லை” என்றேன், கண் கலங்கிவிட்டது.

“உங்கள் அப்பாவுக்கு வந்தது போலத் தெரியவில்லை. தூக்கமும் இல்லை, துணையும் இல்லை. நடங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடுங்கள். மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்றார்.

அன்றே சரஸ்வதியிடம் போனில் சொன்னேன்.

“இத்தினி வருசமா நின்னுகினா துன்னுகினு இருந்தீங்க?”

“வேல அப்படி.”

“நாளிலர்ந்து பன்னண்டரைக்கு வீடியோல வரேன். தட்டு வச்சிகினு குந்துங்க.”

அவளுடைய பன்னிரண்டரை எனக்குக் காலை எட்டு. என் ஜன்னலில் விடியாத இருட்டு. போனில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி வெயில். அவள் டப்பாவைத் திறக்க, நான் சோற்றைப் பிசைவேன். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் அவள் புளிச்சக்கீரையைப் பிசைந்து உருட்டியபோது, என் கை தானாகப் போன் பக்கம் நீண்டது. அவள் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு முடித்தோம்.

மூன்று மாதத்தில் தூக்கம் வந்தது. உப்பு சரியாக விழுந்தது. மருத்துவர் மறுபடி சோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். மறதிதான் போயிற்று, ஏக்கம் கூடிவிட்டது. மரத்துக் கிடந்த காலுக்கு உணர்ச்சி திரும்பும்போது குத்துமே, அப்படி.

மார்ச் கடைசியில், கோடைப் பகல் நீள்கிறதென்று, இங்கே எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். சரஸ்வதியின் சாப்பாட்டு வேளை எனக்கு ஒன்பது மணியாகி, என் வேலை நேரத்துக்குள் வந்துவிட்டது. முதலாளியிடம் கேட்டேன், அரை மணி நேரம் கொடுத்தார். பாத்திரம் கழுவும் இங்க்ரிட் அம்மாள் தன் ரொட்டியோடு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“துன்னீங்களாம்மா?” என்று போனிலிருந்து சரஸ்வதி கேட்டாள்.

அது வணக்கம் என்று நினைத்து, “துன்னீங்களாம்மா” என்று தலைகுனிந்து திருப்பிச் சொன்னார் அவர். இப்போதும் தினமும் அப்படித்தான் சொல்கிறார். மூன்று பேராகச் சாப்பிடுகிறோம். வெதுருகுப்பத்தில் பள்ளி மணி அடிக்கிறது. சத்தம் கேட்டதும் இங்கே நான் எழுந்து கை கழுவுகிறேன்.