பெரட்டில் கேட்ட குரல்

பதுளைக்கு ரயில் வராத காலம். ஸ்பிரிங்வெளிக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி நான். அப்பன் விட்டுப்போன பதவி இல்லை அது. ஒன்பது வயதில் வெறுங்காலோடு இந்த மலை ஏறியவன் நான். காட்டை வெட்டித் தேயிலைக் கன்று நட்டேன். ஆற்றுக்குக் குறுக்கே மரப்பாலம் போட்டேன். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை நிற்காது என்றார், நின்றது. கோயிலுக்கு நாற்பது படி கட்டினேன். பள்ளிக்கூடம் போனது எட்டே மாதம்தான் (பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்). ஆனாலும் முந்நூறு ஆட்களின் பெயரையும் ஏடு பார்க்காமல் கூப்பிடுவேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, என் வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்டு ஒரு படிப்பறை கட்டினேன். என் அக்கா மகனும் இன்னும் இரண்டு பையன்களும் சீமைச் சர்வகலாசாலைப் பரீட்சைக்குப் படித்தார்கள். அதில் தத்துவமும் தர்க்கமும் ஒரு பாடம். அதைச் சொல்லிக்கொடுக்கப் பதுளையில் ஆள் இல்லை. கொழும்பில் ஒரு வாத்தியாரைப் பிடித்து, பண்டாரவளை வரை ரயிலிலும் அங்கிருந்து மாட்டு வண்டியிலும் கொண்டுவந்து இறக்கினேன்.

முதல் நாள் பாடத்தைக் கதவோரம் நின்று கேட்டேன். "கண்ணால் கண்டது, காதால் கேட்டது ஒரு பக்கம். அதிலிருந்து நீயாக நினைத்துக்கொண்டது இன்னொரு பக்கம். இரண்டையும் கலக்காதே" என்றார் வாத்தியார். அன்று முழுக்க அதே பேச்சு. இதற்கா வண்டி கட்டி ஆளைக் கொண்டுவந்தோம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஐப்பசி மழை நான்கு நாளாக விடவில்லை. அன்று விடிவதற்கு முன் வழக்கம்போலப் பெரட்டு வைத்தேன். பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. கையில் ஒரு லாந்தர்; பனிமூட்டம் வேறு. ஒரு பெயர்கூட விடாமல் பதில் வந்தது. ஆட்களை மலைக்கு அனுப்பினேன்.

விடிந்து கொஞ்ச நேரம். பீரங்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஆட்கள் குடியிருக்கும் மேட்டு லயத்து வரிசையில் கடைசி இரண்டு காம்பரா அறைகளையும் மண் மூடியிருந்தது. மேலே கரையில் இன்னும் ஒரு பிளவு வாய் திறந்து நின்றது. மலையிலிருந்து சனம் அலறிக்கொண்டு இறங்கி வந்தது. துரை குதிரையில் வந்தார்.

"உள்ளே ஆள் இருக்கா?"

"இல்லீங்க தொரை. அந்த ரெண்டு காம்பராவுலயும் புள்ளைக கெடையாது, எல்லாம் வேலைக்குப் போற ஆளுக. பெரட்டுல அத்தன பேரும் வந்தாச்சு."

அப்படியானால் ஒருவரும் கிட்டப் போகக்கூடாது, மேலே உள்ளதும் விழும் என்று துரை உத்தரவு போட்டார். நியாயம்தான். எல்லோரும் பின்வாங்கினோம். அப்போதுதான் என் அக்கா மகன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, எல்லாரும் வந்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

"பேரக் கூப்புட்டேன், பதில் வந்திச்சு."

"பதில் வந்திச்சு, சரி. ஆளு வந்துச்சா? மொகத்தப் பாத்தீங்களா?"

"இருட்டுல மொகத்த எங்கடா பாக்குறது? வாத்தியாரு குடுத்த வித்தைய என்கிட்டயே காட்டுறியா?"

கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. கூலியாக இருந்த காலத்தில், காய்ச்சலில் கிடந்த கூட்டாளிக்கு ஏட்டில் பேர் விழ வேண்டும், அன்றைய கூலி போகக்கூடாது என்று அவன் குரலில் நானே எத்தனை தரம் பதில் சொல்லியிருக்கிறேன்! என் பெரட்டில் அது நடக்காது, என் காதை ஏமாற்ற ஆள் இல்லை என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டேன்.

கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். "காலையில யாராச்சும் இன்னொருத்தருக்குப் பதில் சொன்னீங்களா?"

ஆளுக்கு ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சொன்னால் இரண்டு பேர் பெயரும் வெட்டுப்படும், தோட்டத்தை விட்டே போகவேண்டி வரும். மேலே பிளவிலிருந்து கல் உருண்டுகொண்டே இருந்தது. துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னாலேயே சொன்னேன்:

"நானும் சொன்னவந்தான்! கூலியா இருக்கையில நானும் பொய்க்குரல் குடுத்தவந்தான். ஒருத்தர் பேரையும் வெட்ட மாட்டேன். சொல்லுங்க!"

பின்னால் நின்ற ஒரு பெண் விம்மி வெடித்தாள். "ஐயா, எங்கூடத் தங்குற அக்காவுக்கு மேலுக்கு முடியல. நாந்தாங்க கொரல் குடுத்தேன். மருந்து வாங்கப் போயிருக்கும், போயிருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டு நின்னேங்க…"

கடைசிக்கு முந்தின காம்பரா. துரையே சட்டைக் கையை மடித்துவிட்டார். மண்வெட்டியால் கொத்தினால் ஆள் மேல் பட்டுவிடும்; கையால்தான் அள்ளினோம். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்று அள்ளினார். நான்கு பேர் பிளவையே பார்த்து நின்றார்கள், விழுந்தால் கத்துவதற்கு. அரை மணி நேரம். கூரைத் தகரம் அடுப்பு மேட்டின்மேல் சாய்ந்து விழுந்து, கீழே ஒரு பொந்து விட்டிருந்தது. அதற்குள் அவள் முடங்கிக் கிடந்தாள். உயிர் இருந்தது. வெளியே தூக்கியதும் என்னைப் பார்த்து மிரண்டுபோய்க் கேட்டாள்: "ஐயா, எம்பேரு விழுந்திருச்சுங்களா?"

"விழுந்திருச்சு தாயி" என்றேன்.

மறுநாளிலிருந்து விடிந்து முகம் தெரிந்த பிறகுதான் பெரட்டு. வேலை நேரத்தை வீணாக்குகிறான் என்று சுற்றுத் தோட்டத்துக் கங்காணிகள் சிரித்தார்கள்.

அக்கா மகன் பரீட்சை தேறி இன்று பெரிய ஆள். போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி வாத்தியாரைப் புகழ்கிறான். புகழட்டும், தகும். எனக்கு 'தெரியும்' என்ற சொல் நாக்குக்கு வரும்போதெல்லாம், அந்த மண்ணுக்குள் கையை விட்டபோது இருந்த பயம் இன்றைக்கும் ஒருதரம் வந்து போகிறது. ஆனால் ஒன்று: படிப்பறையைக் கட்டியவனும் நான், வாத்தியாரை வண்டியில் கொண்டுவந்தவனும் நான், அந்தக் கேள்விக்கு முன்னால் முந்நூறு பேர் பார்க்கத் தலை குனிந்தவனும் நான். இதை அச்சில் போடுகிறவர்கள் என் பெயரைப் போடாவிட்டால் போகட்டும், ஒரு கங்காணியின் பங்கு இதில் உண்டு என்று கட்டாயம் போடவேண்டும்.