ஆயில் தூக்கலான ஒரு காலை

புயல் அடித்த ராத்திரியில்கூட எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கினார்கள். தூக்கம் போனது அதற்குப் பிறகுதான். செஞ்சியைச் சுற்றி நின்ற மரங்களில் பாதி படுத்துவிட்டன. அவற்றை அறுத்து நகர்த்த மிஷின் வைத்திருப்பவர்களைத் தேடி ஊர் ஊராக ஆட்கள் அலைந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மிஷின் வைத்திருந்தவர் என் நைனா. அதுவரை அவரை "டேய்" என்று கூப்பிட்டுப் பழகியவர்கள்கூட அந்த வாரம் போனில் "அண்ணே" என்றார்கள். எதையும் தட்டிவிடத் தெரிந்த என் நைனாவுக்கு அந்த "அண்ணே"யை மட்டும் தட்டத் தெரியவில்லை.

வல்லம் பக்கம் ஒரு புளியமரம், அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு வேப்பமரம் என்று விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். கூடவே என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. வெட்டிய கிளைகளை இழுத்துப் போடுவது அவர் வேலை. ஊரில் கரண்ட் இல்லை, ஆனால் எங்கள் வீட்டுப் போன் மட்டும் சாகவே இல்லை. மாமா எங்கிருந்தாவது அதற்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். இருட்டிய பிறகு இரண்டு பேரும் மரத்தூள் அப்பிய முகத்தோடு வருவார்கள். சாப்பிடும்போதே அடுத்த போன் வரும்.

அந்த மிஷினுக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. எஞ்சினுக்கு என்று தனியாக ஆயில் ஊற்ற இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற டூ-டி ஆயில்தான் உள்ளே தேயாமல் காப்பாற்ற வேண்டும். எவ்வளவு கலப்பது என்பதில் எங்கள் வீட்டில் பல கட்சிகள் இருந்தன. லிட்டருக்கு இருபது மில்லி போதும் என்றது மிஷினோடு வந்த சின்னப் புத்தகம். அது காகிதத்தில் எழுதியது, நம்ம ஊர் வெயிலுக்கு நாற்பது ஊற்றுங்கள் என்றார் விற்ற கடைக்காரர். மாமாவுக்கு மில்லியிலேயே நம்பிக்கை இல்லை. மொபெட்டுக்கு ஊற்றுகிற சில்லறை ஆயிலை வாங்கி, கண்ணால் பார்த்து, கையால் ஊற்றுகிறவர் அவர்.

அந்தக் கட்சி ஒரே நாளில் தோற்றது. இதற்கு முன்பு வைத்திருந்த பழைய மிஷினில், அவசரத்தில் மாமா வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டார். மிஷின் என்றும் இல்லாத வேகத்தில் ஓடியதாம். மாமா சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே கீச்சென்று கத்தி நின்றது, நின்றதுதான். மெக்கானிக் பிரித்துக் காட்டிய பிஸ்டனில் நகத்தால் பிறாண்டியது போலக் கோடு கோடாக இருந்தது. அதன் பிறகு நைனா இரண்டு சட்டம் போட்டார். சீல் உடைக்காத டப்பா ஆயில் மட்டும்தான் வாங்க வேண்டும். கலப்பது அம்மா மட்டும்தான்.

கலக்கும் விதத்தை அம்மாவுக்கு அவர் சொல்லிக் கொடுத்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"ஆயில் கொறஞ்சா பிஸ்டன் புடிச்சிக்கும், மிஷினே போச்சி. ஜாஸ்தியானா பொகை வரும், பிளக் அடைச்சிக்கும், அவ்ளோதான். சந்தேகமா இருந்தா ஒரு சொட்டு ஜாஸ்தி ஊத்து. கம்மியா மட்டும் ஊத்தாத."

புத்தகத்துக்கும் கடைக்காரருக்கும் நடுவில் முப்பது மில்லி என்று முடிவாயிற்று. இருமல் மருந்து மூடியால் மூன்று மூடி. குழம்புக்கு உப்பைக் கையால் அள்ளிப் போடுகிற அம்மா, இதற்கு மட்டும் மூடியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கோட்டைப் பார்த்துத்தான் ஊற்றுவாள்.

ஒரு நாள் இருட்டிய பிறகு நைனா வந்தபோது பேண்ட் முட்டிக்கு மேலே கிழிந்திருந்தது.

"கிளை கிழிச்சிடுச்சி" என்றார் நைனா.

அவர் உள்ளே போனதும் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்த மாமா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "கிளை இல்லக்கா. பிளேடு எகிறி வந்துச்சி. ஒரு இன்ச்சு தள்ளியிருந்தா காலுதான். அவரு கைல பிடியே இல்லக்கா."

சாப்பிடும்போது அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நைனா தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அப்படியும் தண்ணீர் சட்டையில் சிந்தியது.

"நாளைக்கு ஒரு நாள் ஊட்ல இருங்க."

"மண்டகப்பட்டுல வரேன்னு சொல்லிட்டேன். மாட்டுக் கொட்டா மேல மரம் சாஞ்சி இருக்குது. சொல்லிட்டு எப்டி போவாம இருக்கிறது?"

வழக்கமாக அந்த இடத்தில் ஒரு சண்டை வர வேண்டும். வரவில்லை என்பதால் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் நான் எழுந்து பின்பக்கம் போனபோது அம்மா பெட்ரோல் பாட்டிலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மூடியில் ஆயிலை ஊற்றுவதும் பாட்டிலில் கவிழ்ப்பதுமாக இருந்தாள். மூன்றோடு நிற்கவில்லை. கோட்டையும் பார்க்கவில்லை.

"இன்னாம்மா இவ்ளோ ஊத்துற?"

"சந்தேகமா இருந்தா ஜாஸ்தி ஊத்துன்னு நைனா சொல்லல?"

"உனக்கு இன்னா சந்தேகம்?"

அவள் பாட்டிலை மூடிக் குலுக்கினாள். "நீ போயி மூஞ்சி கழுவு."

கிளம்புவதற்கு முன் வாசலில் ஒருமுறை மிஷினை ஓட்டிப் பார்ப்பது நைனாவின் வழக்கம். டேங்கில் ஊற்றிக் கயிற்றை இழுத்தார். மிஷின் இருமியது. வெள்ளையாக ஒரு புகை கிளம்பித் தெருவையே மறைத்தது. பிறகு அடங்கிவிட்டது. இழுத்தார், இழுத்தார், தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார், மறுபடியும் இழுத்தார். பிளக்கைக் கழற்றினார். அது கறுப்பாக நனைந்திருந்தது. துடைத்துப் போட்டும் பயனில்லை.

அப்புறம் டேங்குக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். மிச்சம் இருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். எப்போதும் இளம்பச்சையாக இருக்கும் பெட்ரோல் அன்று முருங்கைக்கீரை அரைத்த மாதிரி இருந்தது. அதன் வழியாக வாசற்படியைப் பார்த்தார். அங்கே அம்மா கையில் சோற்று டப்பாவோடு நின்றிருந்தாள். தலை குனியவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. மாமா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி வெடிக்கும் என்று நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன்.

நைனா பாட்டிலைக் கீழே வைத்தார். "பிளக் போயிடுச்சி" என்றார். "மச்சான், செஞ்சிக்குப் போயி ஒண்ணு வாங்கினு வா."

"நைனா, பெட்டியிலதான் புதுசு ஒண்ணு இருக்குதே" என்றேன்.

"அது வேற சைஸ்."

இல்லை. இரண்டையும் ஒன்றாக வாங்கியபோது நானும் கடையில் இருந்தேன். ஆனால் அதற்குள் மாமா வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"அவன் வர்ற வரிக்கும் சாயறேன்" என்று நைனா கூரைக்குக் கீழே பாயைப் போட்டார். தலை தரையில் படுவதற்குள் தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது. வலது கை விரல்கள் மட்டும் இல்லாத பிடியைப் பிடித்துக்கொண்டு துடித்தபடி இருந்தன. போன் அடித்தது. அம்மா அதை எடுத்துத் தலையணை உறைக்குள் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மண்டகப்பட்டுக்காரர் பைக்கில் வந்து இறங்கினார்.

"இன்னாம்மா, காலையில வரேன்னாரு. போனும் எடுக்கல?"

"மிஷின் ரிப்பேருங்க. பிளக் வாங்க ஆள் போயிருக்குது."

"மழ வந்தா கொட்டா மொத்தமா ஒக்காந்துடும்மா."

"மாட்ட அவுத்து வேற எடத்துல கட்டிட்டீங்க இல்ல?"

"கட்டியாச்சி."

"அப்புறம் இன்னாங்க. நாளைக்குக் காலையில மொத வேலை உங்களுதுதான்."

அவர் பாயில் கிடந்தவரைப் பார்த்தார். "மிஷின் ரிப்பேரா, ஆளு ரிப்பேரா?" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் நைனாவை ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதா? பெட்டியைத் திறந்து புது பிளக்கை எடுத்தேன். பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே சைஸ்தான். போதாததற்குப் பழையதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். இரண்டையும் கையில் ஏந்திக்கொண்டு நைனாவின் தோளைத் தொடப் போனேன்.

"எழுப்பாத."

"ரெண்டும் சரியா இருக்குதும்மா. மிஷின் ஓடும்."

அம்மா என் கையிலிருந்து இரண்டு பிளக்கையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு நைனாவின் கால்மாட்டில் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து அவளும் கண்ணை மூடினாள். நான் பக்கத்தில் நின்று முறைத்துப் பார்த்தேன். முறைப்பைப் பார்க்கத்தான் யாரும் விழித்திருக்கவில்லை.

மாமா மத்தியானச் சோற்றுக்குத்தான் வந்தார். பிளக் கடை திறக்கவில்லை என்றார். ஆனால் முடி வெட்டிக்கொண்டு, முகம் மழித்துக்கொண்டு வந்திருந்தார். முடி வெட்டும் கடை திறந்திருக்கும்போது பிளக் கடை மட்டும் எப்படி மூடியிருக்கும் என்று கேட்டேன். "சோத்தத் தின்னு" என்றார் மாமா. சாப்பிட்டுவிட்டு நைனாவுக்குப் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

நைனா எழுந்தபோது சாயங்கால வெயில் மலை மேலே ஏறிவிட்டிருந்தது. கேட்டு வாங்கி இரண்டு முறை சாப்பிட்டார். டம்ளரை ஒரு கையால் பிடித்தார். பிறகு அந்தப் பச்சைப் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார்.

"எத்தினி மூடி ஊத்தின?"

"எண்ணலிங்க" என்றாள் அம்மா.

இப்போதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். மில்லிக்கு மில்லி கணக்குப் பார்க்கிற மனிதர் அதைப் பெரிய கேனில் கொட்டி, பைக் டேங்கிலிருந்து பெட்ரோல் பிடித்துச் சேர்த்து, நிறம் வெளுக்கும்வரை வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துக் கலந்தார். "கொஞ்சம் பொகை வரும். பரவால்ல" என்றார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பிளக்கையும் அவரிடம் நீட்டினாள். அவர் எதுவும் கேட்காமல் புதியதை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் இரண்டாவது இழுப்பில் மிஷின் கிளம்பியது. மண்டகப்பட்டு மரத்தை மத்தியானத்துக்குள் அறுத்து முடித்தார்கள். மழை வரவில்லை. வந்தது போன்தான், இன்னும் பல வாரத்துக்கு.

இப்போது நானும் வேலைக்குப் போகிறேன். சில காலைகளில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, இன்று பஸ்ஸே வராமல் போனால் தேவலை என்று நினைத்துக்கொள்கிறேன். லீவு போடு என்று யாராவது சொன்னால் போட மாட்டேன். பஸ் வரவில்லை என்றால் அது என் தப்பு இல்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. அம்மா கெடுத்தாள், நைனா கண்டுகொள்ளவில்லை, மாமா ஊர் சுற்றினார் என்று மூன்று பேர் மேலும் தனித்தனியாகக் கோபமாக இருந்தேன். அந்த மிஷின் ஓட வேண்டும் என்று அன்று அந்த வீட்டில் ஆசைப்பட்டது நான் ஒருத்திதான்.