மெக்சிகோ மீனுக்குத் திருவெறும்பூர் காற்று

போன சித்திரையில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் என் மீன் தொட்டியில் இருக்கும் சிக்லிட் ஜோடியின் முன்னோர் மெக்சிகோவில் எந்த ஆற்றில் நீந்தினார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்த மீன்களுக்கு ஆற்றுக்கு ஆறு நிறம் மாறும். ஓர் ஆற்று மீனுக்குத் தொண்டை மட்டும் சிவப்பு. இன்னோர் ஆற்று மீனுக்கு வயிறு வரை சிவப்பு. இரண்டையும் ஜோடி சேர்ப்பது எங்கள் கூட்டத்தில் மகாபாவம். வரன் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

என்னுடையவை வயிறு வரை சிவப்பு என்று மீன் வளர்ப்போரின் வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் படம் போட்டேன். முகம் பார்த்திராத திருவெறும்பூர்க்காரர் ஒருவர், "சார், இது கலப்பு" என்று எழுதிவிட்டார். ஒரு வாரம் சண்டை. ஆய்வுக் கட்டுரைகளையெல்லாம் எடுத்துப் போட்டேன். பாதி எனக்கே புரியாதவை.

அந்த ஜோடி முதன்முறையாகக் குஞ்சு பொரித்த மறுநாள், பராமரிப்புப் பணி என்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. தொட்டித் தண்ணீருக்குள் காற்று ஊதும் மோட்டார் நின்றுபோனது. வெயில் ஏற ஏற, பெரிய மீன்கள் இரண்டும் குஞ்சுகளை விட்டுவிட்டு மேலே வந்து வாயைப் பிளந்தன. கொஞ்சமாவது காற்று கலக்கட்டும் என்று, நான் தொட்டித் தண்ணீரையே சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினேன்.

"பெருமாளுக்குத் திருமஞ்சனம் பண்ற மாதிரி இருக்கு. என்னிக்காவது எனக்கு ஒரு வாய் தண்ணி மொண்டு குடுத்திருக்கீங்களா?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, இன்னொரு சொம்போடு அவளும் வந்து நின்றாள்.

கை ஓய்ந்துபோய்க் குழுவில் உதவி கேட்டேன். பலர் கைகூப்பும் இமோஜி அனுப்பினார்கள். திருவெறும்பூர்க்காரர் மட்டும் முகவரி கேட்டார். உச்சி வெயிலில், காவிரிப் பாலம் தாண்டி, பேட்டரி மோட்டாரோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குழாயைத் தண்ணீருக்குள் விட்டார். குமிழிகள் கிளம்பின. கொஞ்ச நேரத்தில் இரண்டு மீன்களும் மெல்லக் கீழே இறங்கிக் குஞ்சுகளுக்குக் காவல் நின்றன.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நேர்லயே பாத்துட்டேன் சார். இப்பவும் சொல்றேன், கலப்புதான்."

"அது கிடக்கட்டும். முதல்ல மோர் குடிங்க" என்றாள் மனைவி.

குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. சில, திருவெறும்பூரில் அவர் வீட்டுத் தனித்தொட்டியில் சௌக்கியம். எங்கள் சண்டையும் சௌக்கியம். அவருடைய மீன்கள் தவித்திருந்தால், அந்த வெயிலில் நான் பாலம் தாண்டிப் போயிருப்பேனா என்று நினைத்துப் பார்த்தபோது எனக்கே பதில் பிடிக்கவில்லை. அதனால்தான் இப்போது ஒரு பேட்டரி மோட்டார் வாங்கி, சார்ஜ் போட்டு, ஸ்கூட்டர் சாவிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.