அக்கரை இல்லாத பாலம்

“...பாலம் எரிஞ்ச கதையைச் சொல்லாதேங்கோ தம்பி. கப்பல் இடிச்சதையும் விடுங்கோ. சனம் காத்து வாங்கின கதையை மட்டும் சொல்லுங்கோ, காணும்” என்று ஜெயராணி அக்கா என் காதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டவுன் கவுன்சிலில் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊரில் ஐஸ்கிரீம் விற்றுவிட்டு, டெக்சஸ் கடலோரம் மோட்டல் வாங்கியவர். எதிரே இருந்த மீன்பிடிப் பாலத்தைப் புயல் கொண்டுபோனதிலிருந்து ரூம்கள் காலி. இங்கிலீஷ் ஊர்களில் இருப்பதுபோல, கடலுக்குள் நடந்துவிட்டுத் திரும்பி வர ஓர் உல்லாசப் பாலம் கட்ட ஆசைப்பட்டார். பெர்மிட் கிடைக்காவிட்டால் மோட்டலை விற்க வேண்டியதுதான்.

நான் ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டிலிருந்து போன ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர். ஃப்ரீவே பாலங்களிலேயே தலை நரைத்தவன், நீச்சல் தெரியாது. முதல் சந்திப்பில் நான் கேட்டதை அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

“ஏனுங்க்கா, இந்தப் பாலம் அந்தப் பக்கம் எங்கீங்க போய்ச் சேருது?”

“ஒரு இடத்துக்கும் போகாது தம்பி. அதுக்குத்தானே காசு குடுத்து நடக்கினம்!”

கவுன்சிலில் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். கப்பலில் வந்தவர்கள் சேற்றில் கால் வைக்காமல் இறங்கத்தான் இங்கிலாந்தில் இந்தப் பாலங்களை முதலில் கட்டினார்கள். பிறகு ரயில் வந்தது, கப்பல் குறைந்தது, நடக்க வந்த கூட்டம் மட்டும் குறையவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் பெண் பார்க்கப் போன இடத்திலேயே மாமனாருக்குக் கூரை விரிசலைக் காட்டியவன். ஒரு ஸ்லைடில் முழுப் பாலம், அடுத்ததில் அதன் கதி. தீப்பிடித்தது. கப்பல் மோதி அறுந்தது. யுத்தத்தில் எதிரி வந்து இறங்கிவிடுவான் என்று இங்கிலீஷ்காரர்களே நடுவில் வெட்டிப் போட்டது. கடைசியில், புயலுக்குப் பின் கடலில் நிற்கும் நாலு இரும்புக் கால்கள். கீழே ‘நன்றி’ என்று வேறு போட்டிருந்தேன்.

“அப்போ கட்ட வேண்டாம்னு சொல்றீங்க, இல்லையா?” என்று தலைவர் இங்கிலீஷில் கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது: நம் பாலம் ஏன் விழாது என்பதற்கு நான் ஸ்லைடே போடவில்லை. இன்று, பெர்மிட் கிடைத்து எழும்பி நிற்கும் அந்தப் பாலத்தில் கைப்பிடியை விடாமல் நடக்கும்போதெல்லாம் எனக்கே சொல்லிக்கொள்கிறேன், இளம் எஞ்சினியர்களும் கேட்டுக்கொள்ளலாம்: விழுந்ததைச் சொல்லுங்கள்; விழுந்ததோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.

அக்கா என்னை முறைக்கவில்லை. எழுந்து, என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, ஸ்லைடுகளைப் பின்னோக்கி ஓட்டினார். இரும்புக் கால்கள்மேல் பலகை வந்தது. வெட்டிய இடம் சேர்ந்தது. கப்பல் விலகியது. நெருப்பு அணைந்தது. தொப்பியும் குடையுமாகச் சனம் நடந்துகொண்டிருந்த முதல் படத்தில் நிறுத்தி, ரிமோட்டைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.